வலி போனால் போதுமா?

கூடைப்பந்தில் ரீபவுண்டுக்கு எம்புகிற பிள்ளை, இறங்கும்போது பக்கத்து ஆளின் ஷூ மேல் கால் வைக்கும். பாதம் உள்பக்கமாக மடங்கும். எங்கள் சிமெண்ட் கோர்ட்டில் நான் பார்க்கிற சுளுக்குகளில் பெரும்பாலானவை இப்படி வந்தவைதான். இழுபடுவது கணுக்காலின் வெளிப்பக்கத் தசைநார்.

“சார், சுளுக்கு வழிக்கிறவர்கிட்ட கூட்டிட்டுப் போகட்டுமா?” என்பார்கள் அம்மாக்கள். வேண்டாம்மா. பிய்ந்த நாரை எண்ணெய் போட்டு நீவினால் வீக்கம் கூடும். ஐஸைத் துணியில் சுற்றி வைத்து, காலை உயர்த்தி வையுங்கள். நாலு அடி நடக்க முடியவில்லை, அல்லது கணு எலும்பைத் தொட்டாலே வலிக்கிறது என்றால் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும்.

வீக்கம் வடிந்ததும் பையன்கள் கோர்ட்டுக்கு ஓடிவந்துவிடுவார்கள். எனக்குப் பயம் அப்போதுதான். முன்பே சுளுக்கியவர்களுக்கு மறுபடி அடிபடும் வாய்ப்பு சுமார் 5 மடங்கு என்றது, கூடைப்பந்து ஆடுவோரிடம் நடத்தி 2001-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு. நார் ஆறினாலும், பாதம் எப்படிச் சாய்கிறது என்று உணரும் திறன் மந்தமாகவே கிடக்கும். அதைப் பழக்கித்தான் மீட்க வேண்டும். பல் துலக்கும்போது ஒற்றைக்காலில் நில்லுங்கள். அது கைவந்ததும் சுவரோரமாகக் கண்ணை மூடி நில்லுங்கள். அப்புறம் ஒற்றைக்காலிலேயே பந்தைப் பிடித்து எறியுங்கள். படி விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குங்கள். குதித்தால் முழங்கால் மடங்க, சத்தமில்லாமல் இறங்க வேண்டும். ‘தொம்’ என்று கேட்டால் மறுபடி குதிக்க வைப்பேன், திட்டிக்கொண்டே குதிப்பார்கள்.

அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஸ்டெஃபன் கரிக்கு 2011-லும் 2012-லும் வலது கணுக்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. 2011-12 சீசனில் அவர் ஆடியது வெறும் 26 ஆட்டம். பிறகு அவருடைய பயிற்சியாளர்கள் வலுவேற்றியது இடுப்பையும் பிட்டத் தசைகளையும். சட்டென்று திரும்பும் வேகத்தை இடுப்பு தாங்கினால் கணுக்காலுக்குப் பாரம் குறையும். 2015, 2016 இரண்டு ஆண்டும் என்.பி.ஏ.வின் மிக மதிப்புமிக்க வீரர் அவர்தான்.

உயரமான ஷூ போட்டால் போதும் என்று கடையில் சொல்வார்கள். ஷூ மட்டும் காப்பாற்றும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. லேஸ் வைத்து இறுக்கும் கணுக்கால் பட்டைக்கு உண்டு: அமெரிக்காவில் 1,460 பள்ளி ஆட்டக்காரர்களிடம் நடந்த ஆய்வில், பட்டை அணிந்தவர்களுக்குக் கணுக்கால் காயம் சுமார் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஒருமுறை சுளுக்கிய பிள்ளைக்குப் புது ஷூ வாங்கப் போகிறீர்களா? முதலில் பட்டையை வாங்குங்கள்.