கழல மறுக்கும் போல்ட்

கோவையில் பழைய கார் வாங்கப் போனால், எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதற்கு அடுத்தபடியாக விழும் கேள்வி, "எந்த ஊர் வண்டிங்?" பதிவு எண் டி.என். 38 என்று கோவையாகவோ 33 என்று ஈரோடாகவோ 41 என்று பொள்ளாச்சியாகவோ இருந்தால் முகம் தெளியும். 69 தூத்துக்குடி, 74 நாகர்கோவில் என்று இருந்தால், விவரம் தெரிந்தவர் உடனே குனிந்து அடியில் பார்ப்பார். கதவிலும் பானெட்டிலும் உள்ள துருவை டிங்கரிங் செய்து பெயிண்ட் அடித்து மறைத்துவிடலாம். சஸ்பென்ஷன் போல்ட்டில் மறைக்க முடியாது. வாங்கிய பின் முதன்முறை புஷ் மாற்றவோ ஷாக் அப்சார்பர் மாற்றவோ பட்டறைக்குப் போகும்போது அது தன் கதையைச் சொல்லிவிடும்.

கடலோரத்து வண்டியில் போல்ட் சிக்குவதில் வியப்பில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில், கடல் மட்டத்துக்கு 400 மீட்டருக்கு மேலே, உப்புக் காற்று எட்டாத கோவையிலேயே ஓடிய வண்டியிலும் சிக்குகிறதே, அதற்கு என்ன காரணம்?

முதலில் அந்த இடத்தைப் பார்ப்போம். சக்கரத்தை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் கையை மெக்கானிக்குகள் லோயர் ஆர்ம் என்பார்கள். அது சட்டத்தோடு சேரும் முனையில் ரப்பர் புஷ் இருக்கிறது. புஷ்ஷின் நடுவில் ஓர் இரும்புக் குழல். அந்தக் குழலுக்குள் புகுந்துதான் போல்ட் மறுபக்கம் போகிறது. ஷாக் அப்சார்பரின் கீழ்முனையும் பெரும்பாலும் இப்படித்தான். போல்ட் நுழைவதற்காகக் குழலில் மிகச் சிறிய இடைவெளி விட்டிருப்பார்கள், மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு. கையை விட்டுத் துடைக்க முடியாத, காற்று போய் வராத, ஆனால் தண்ணீர் தானாக ஏறிக்கொள்ளும் இடைவெளி.

இரும்பு துருவாகும்போது பருக்கிறது. வெறும் ஆக்சைடாக மாறினாலே கொள்ளளவு இரண்டு மடங்குக்குச் சற்று மேல். நீர் சேர்ந்த பழுப்புத் துருவானால் சுமார் மூன்று மடங்கு, சில வேளை அதற்கும் மேல். பழைய வீடுகளின் மாடிக் கூரையில் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு கம்பி வெளியே தெரிவது இந்தப் பருமனால்தான். போல்ட்டைச் சுற்றி 0.1 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது, துரு மூன்று மடங்கு பருக்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், போல்ட்டில் 0.025 மில்லிமீட்டரும் குழலின் உட்சுவரில் 0.025 மில்லிமீட்டரும் அரித்தாலே இடைவெளி முழுவதும் துருவால் அடைபட்டுவிடும். சாதாரண இரும்புத் தகடு முதல் ஓராண்டில் எவ்வளவு அரிக்கிறது என்பதை வைத்து இடங்களை வகைப்படுத்தும் ஐ.எஸ்.ஓ. 9223 என்ற சர்வதேசத் தரத்தில், நடுத்தர அரிப்புள்ள இடத்துக்கே 0.025 முதல் 0.05 மில்லிமீட்டர் என்றுதான் போட்டிருக்கிறது. கடுமையான கடலோரத்துக்கு 0.08 முதல் 0.2 வரை. போல்ட்டின் மேல் உள்ள துத்தநாகப் பூச்சு சில ஆண்டு தாங்கும். அது தீர்ந்தபின் கணக்கு வேகமாக ஓடத் தொடங்கும்.

நம் கடலோரத்தின் கடுமையை அளந்து சொன்னவர்கள் காரைக்குடியில் இருக்கிறார்கள். அழகப்பச் செட்டியார் தந்த நிலத்தில் 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் (சிக்ரி) அது. மண்டபத்தில் அதற்கு ஒரு கடலோரச் சோதனைக் களம் உண்டு. உலோகத் துண்டுகளைக் கடல் காற்றிலும் கடல் நீரிலும் விட்டு வைத்து, எவ்வளவு கரைந்திருக்கிறது என்று எடை பார்க்கும் பொறுமையான வேலை அங்கே நடக்கிறது. இந்தியாவின் அரிப்பு வரைபடத்தை உருவாக்கியதும் இந்த நிறுவனம்தான். மண்டபத்துக்குப் பக்கத்தில்தான் 1914-இல் பழைய பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. உப்பு தின்ற அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் ஓட்டத்தை நிறுத்தினார்கள். புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது.

போல்ட்டுக்கு வருவோம். வெளியே தலையும் நட்டும் பளிச்சென்று இருக்க, உள்ளே மட்டும் அரித்துக் கிடப்பதைப் பட்டறையில் அடிக்கடி பார்க்கலாம். இதற்கான விளக்கத்தை 1920-களில் கேம்பிரிட்ஜில் இருந்த உலிக் எவான்ஸ் ஒரே ஒரு சொட்டு உப்பு நீரில் காட்டினார். இரும்புத் தகட்டின் மேல் வைத்த சொட்டில் ஓரத்துக்குத்தான் காற்று நன்றாகக் கிடைக்கிறது. அங்கேதான் அரிக்கும் என்று யாரும் நினைப்போம். அரித்தது நடுப்பகுதி. ஆக்சிஜன் அதிகம் கிடைக்கும் இடம் எலெக்ட்ரான்களை வாங்கும் பக்கமாகவும், குறைவாகக் கிடைக்கும் இடம் கரைந்து எலெக்ட்ரான்களைக் கொடுக்கும் பக்கமாகவும் பிரிந்துகொள்ள, ஒரு சிறு பேட்டரியே உருவாகிவிடுகிறது. குழலின் வாய்ப்பகுதி சொட்டின் ஓரம். உள்ளே ஆழத்தில் இருக்கும் போல்ட்தான் நடுப்பகுதி. கரைவது அதுதான்.

இந்தப் பேட்டரிக்கு உப்பு எங்கிருந்து வருகிறது? கொங்கு நாட்டில் விடை நம் காலடியில் இருக்கிறது. சிறுவாணி ஆற்று நீரை நல்ல தண்ணி என்றும் போர்த் தண்ணீரை உப்புத் தண்ணி என்றும் பிரித்துச் சொல்லும் ஊர் இது. குடிக்க நல்ல தண்ணி, மற்ற எல்லாவற்றுக்கும் உப்புத் தண்ணி. வாட்டர் சர்வீஸ் நிலையத்தில் வண்டியைத் தூக்கி, அடியில் அழுத்தத்தோடு பாய்ச்சுவதும் பெரும்பாலும் அதைத்தான். குடிநீரில் லிட்டருக்கு 250 மில்லிகிராம் குளோரைடு வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 1000 வரை பரவாயில்லை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். இந்த அளவுகளை மனதில் வைத்து நொய்யல் ஆற்றைப் பாருங்கள். சாயப் பட்டறைகளின் உப்புக் கழிவு பல ஆண்டுகள் அதில் கலந்து ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியதை எல்லோரும் அறிவோம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னது. அந்த ஆற்றோரத்துக் கிணறுகளின் தண்ணீர் எப்படி இருந்தது என்பதை அங்கே விவசாயம் செய்தவர்களைக் கேட்டால் தெரியும்.

கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 19,000 மில்லிகிராம் குளோரைடு. அதோடு ஒப்பிட்டால் போர்த் தண்ணீர் ஒன்றுமில்லை என்று தோன்றலாம். ஆனால் கழுவிய நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஒவ்வொரு வாட்டர் சர்வீஸுக்கும் இடுக்கில் கொஞ்சம் மிச்சமாகும். அதிலும் போர்த் தண்ணீரில் சமையல் உப்பு மட்டுமா இருக்கிறது? கடினத்தன்மைக்குக் காரணமான கால்சியம், மக்னீசியம் உப்புகளும் இருக்கின்றன. சமையல் உப்பு காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் கசியத் தொடங்கும். மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதம் போதும். காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். ஆகவே மழையே பெய்யாத மாதத்திலும், வண்டி ஷெட்டிலேயே நின்றாலும், போல்ட்டைச் சுற்றியுள்ள அந்த இடுக்கு காய்வதில்லை. வறண்ட ஊர்க் காரில் போல்ட் சிக்கும் புதிருக்கு என் விடை இதுதான்.

நாமக்கல், சங்ககிரி லாரிகளில் இதைவிட மோசமான நிலை இருக்க வேண்டும். தூத்துக்குடியில் உப்பு ஏற்றிய லாரியின் சேஸிஸில் உப்பு நீர் சொட்டிக்கொண்டே வரும். ஆனால் லாரியின் லீஃப் ஸ்பிரிங்கைப் பிணைக்கும் ஷாக்கிள் பின்னுக்கு கிரீஸ் நிப்பிள் இருக்கிறது. டிரைவர்கள் கிரீஸ் அடிப்பதைச் சடங்குபோலக் கடைப்பிடிப்பவர்கள். பழைய கிரீஸ் வெளியே வரும்போது தண்ணீரும் அழுக்கும் சேர்ந்து வந்துவிடும். இன்றைய காரின் ரப்பர் புஷ்ஷில் அந்த வாசலே கிடையாது. பராமரிப்பு தேவையில்லை என்று விற்கப்படும் பாகத்தைப் பராமரிக்கவும் முடியாது என்பதை யாரும் சொல்வதில்லை.

சரி, சிக்கிவிட்டது. பெரும்பாலோர் முதலில் செய்வது ஸ்பேனரில் பைப்பை மாட்டி இழுப்பது. அதன் கணக்கைப் பாருங்கள். ஒரு மீட்டர் பைப்பின் முனையில் 40 கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிடைக்கும் முறுக்குவிசை ஏறக்குறைய 390 நியூட்டன் மீட்டர். தலையில் 8.8 என்று பொறித்த 12 மில்லிமீட்டர் போல்ட், புதிதாக இருந்தாலே, கணக்குப்படி சுமார் 125 நியூட்டன் மீட்டரில் முறுக்கிக்கொண்டு ஒடிந்துவிடும். முறுக்கைத் தாங்கும் வலிமை விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. துரு விட்டத்தில் பத்தில் ஒரு பங்கைத் தின்றிருந்தால் வலிமையில் 27 சதவீதம் போயிருக்கும். அதனால்தான் அனுபவசாலியின் கை ஸ்பேனரின் எதிர்ப்பை விடாமல் கவனிக்கிறது. போல்ட் திரும்புகிறது, ஆனால் எதிர்ப்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்றால் கழல்கிறது என்று மகிழக் கூடாது. எஃகு இழுபடுகிறது. அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

"இன்னைக்கு இழுத்தா ஒடிஞ்சு போயிருங்க. ராத்திரி ஊறட்டும், காலையில பாத்துக்கலாங்" என்று மெக்கானிக் சொன்னால், தள்ளிப் போடுகிறார் என்று கோபப்படாதீர்கள். அவர் சொல்வதற்கு 1921-இல் எட்வர்ட் வாஷ்பர்ன் எழுதிய சமன்பாடே துணை நிற்கிறது. நுண்ணிய இடுக்கில் எண்ணெய் ஏறும் தூரம், நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் கூடும். முதல் ஒரு மணி நேரத்தில் 2 மில்லிமீட்டர் ஏறியது என்றால், 4 மில்லிமீட்டர் ஏற 4 மணி நேரம் வேண்டும். 8 மில்லிமீட்டர் ஏற 16 மணி நேரம். மெல்லிய எண்ணெயாக இருக்க வேண்டும் என்பதும் அதே சமன்பாட்டில் உண்டு. கடைகளில் கிடைக்கும் டபிள்யூ.டி. 40 என்பது 1953-இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் நீரை விரட்டுவதற்காக உருவாக்கிய திரவம். நாற்பதாவது முயற்சியில் கிடைத்ததால் அந்தப் பெயர். அவசரத்துக்கு உதவும். ஊடுருவுவதற்கென்றே தயாரித்த எண்ணெய் இன்னும் நல்லது. எண்ணெய் விட்டபின் போல்ட் தலையில் சுத்தியால் தட்டுவது முக்கியம்: அதிர்ச்சியில் துரு விரிசல் விட்டால்தான் எண்ணெய்க்கு வழி கிடைக்கும். மரையின் முனையில் அடிப்பதாக இருந்தால், நட்டை முனைவரை திருகி வைத்துவிட்டு அடிக்க வேண்டும். முதலில் சற்றே இறுக்கும் பக்கம் திருப்பிப் பார்ப்பதும் பயன் தரும்.

அதற்கும் அசையாவிட்டால் காஸ் வைப்பார்கள். நட்டை 300 டிகிரி சூடேற்றினால் 12 மில்லிமீட்டர் துளை சுமார் 0.04 மில்லிமீட்டர் விரியும். அவ்வளவுதான், ஆனால் துரு கெட்டியாகப் பிடித்திருந்த பிடி அதிலேயே நொறுங்கிவிடும். சூடு இறங்கும்போது மெழுகுவர்த்தியை வைத்தால் மெழுகு உருகி மரைக்குள் இழுபட்டுப் போகும். பழைய கைகள் இதைச் சிறப்பாகச் செய்யும். நெருப்பில் இரண்டு எச்சரிக்கை. ஷாக் அப்சார்பருக்குள் அழுத்தத்தில் வாயு இருக்கலாம், அதன் உடம்பில் சூடு படவே கூடாது. இன்னொன்று, 8.8, 10.9 போல்ட்டுகளைத் தயாரிக்கும்போது கடினமாக்கி, குறைந்தது 425 டிகிரியில் பதப்படுத்துகிறார்கள். சிவக்கச் சூடாக்கிய போல்ட்டில் அந்தப் பதம் போய்விடும். தலையில் எண் அப்படியே இருக்கும், வலிமை இருக்காது. அதைத் துடைத்துத் திரும்ப மாட்டுவது மன்னிக்க முடியாத சிக்கனம்.

நட் கழன்றுவிட்டது, போல்ட்டைத் திருப்பினால் கொஞ்சம் திரும்பி, விட்டதும் பழைய இடத்துக்கே துள்ளி வருகிறது என்றால் சிக்கியிருப்பது மரையில் அல்ல, குழலில். ரப்பர்தான் அப்படித் துள்ள வைக்கிறது. இதற்கு பைப் எதுவும் உதவாது. புஷ்ஷை எப்படியும் மாற்றப் போகிறோம் என்றால் இரண்டு பக்கமும் பிராக்கெட்டுக்கும் குழலுக்கும் நடுவே அறுத்து எடுப்பதே நல்லது. போல்ட்டை அறுப்பதைத் தோல்வியாகக் கருதும் மெக்கானிக்குகளைப் பார்த்திருக்கிறேன். பிராக்கெட்டை நெளித்துவிடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஒடிந்து உள்ளே தங்கிவிட்டால்தான் கோவை தன் முகத்தைக் காட்டும். துண்டு கொஞ்சம் வெளியே நீண்டிருந்தால், மேலே ஒரு நட்டை வைத்து உள்பக்கம் வெல்டு அடிப்பார்கள். பிடிக்க இடமும் கிடைத்தது, துண்டுக்குச் சூடும் கிடைத்தது. உள்ளடங்கி ஒடிந்திருந்தால் நடுவில் பஞ்ச் அடித்து டிரில் போட வேண்டும். அந்தத் துளையில், ஒடிந்த துண்டைக் கழற்றும் ஈசி அவுட் கருவியைப் போட்டு முறுக்கி, அதுவும் ஒடிந்தால் டிரில்லே இறங்காத கடின எஃகு உள்ளே நிற்கும். பாகத்தைத் தனியே கழற்ற முடிந்தால் கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ ஸ்பார்க் எரோஷன் மெஷின் உள்ள டூல் ரூமுக்குக் கொண்டு போகலாம். மின்பொறிகளால் உலோகத்தைத் துளித்துளியாக ஆவியாக்கும் இந்த முறையைச் சோவியத் நாட்டின் லாசரென்கோ தம்பதி 1943-இல் உருவாக்கினார்கள். அதே காலத்தில் அமெரிக்காவில் சிலர் தனியாக இதே வழியில் இறங்கியதற்குக் காரணம், அலுமினிய வார்ப்புகளுக்குள் ஒடிந்து நின்ற டேப்பையும் டிரில்லையும் எடுக்க வேண்டியிருந்ததுதான். இன்று நுட்பமான அச்சுகளைச் செதுக்கும் ஒரு தொழில்நுட்பத்தின் பிறப்பில் ஒடிந்துபோன துண்டுகளுக்கும் பங்கு உண்டு. இளவயதில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் பூட்டித் தொழில் கற்ற ஜி.டி. நாயுடுவின் ஊரில், பட்டறைக்கும் டூல் ரூமுக்கும் இடையே இவ்வளவு குறைந்த தூரம் இருப்பது பெரும் பேறு. மற்ற ஊர்களில் முழு பாகத்தையும் மாற்றச் சொல்லிவிடுவார்கள்.

புது போல்ட்டை மாட்டும்போது குழலுக்குள் வரும் பகுதியில் கிரீஸோ, சிக்காமல் காக்கும் செம்புப் பசையோ பூசுங்கள். மரையில் அதைப் பூசினால் உராய்வு குறைந்துவிடும். முறுக்குவதில் பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கே போய்க்கொண்டிருந்தது என்பதால், கையேட்டில் உள்ள அதே அளவுக்கு முறுக்கினால் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். உலர்ந்த மரைக்கான அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். வாட்டர் சர்வீஸில் கடைசியாக அடிப்பக்கத்துக்கு மட்டுமாவது நல்ல தண்ணியில் அலசச் சொல்லலாம், கூச்சப்பட வேண்டியதில்லை. புஷ் போல்ட்டைக் கடைசியாக இறுக்குவது வண்டி ஜாக்கியில் தொங்கும்போது கூடாது. நான்கு சக்கரமும் தரையில் பதிந்து, வண்டியின் எடை சஸ்பென்ஷனில் இறங்கிய பிறகே இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கிவிட்டால், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து, சில மாதங்களில் புது புஷ்ஷும் கிழிந்துவிடும்.