வீட்டுக்கு வந்த முயல்: முதல் இரண்டு வாரங்கள்

பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்டார்கள் என்று முயல்குட்டி வாங்கி வரும் வீடுகள் நம் விழுப்புரம், திண்டிவனம் பக்கம் உண்டு. சில நாட்களில் அது தீனி எடுக்காமல் சுருண்டு படுக்கும். அல்லது கழிச்சல் கண்டு இறந்துவிடும். "முயல் நமக்கு ராசியில்லை" என்று சொல்லிவிடுகிறோம். ராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பல நேரங்களில் காரணம், அதன் இடம், தீனி, வாசனை எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுவதுதான்.

பூனையைக் கட்டிவைத்து, தீனியும் கொடுக்காமல், தானே தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய நபி (ஸல்) அவர்களின் எச்சரிக்கை புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. கூண்டில் இருக்கும் முயலும் அதே நிலையில்தான் இருக்கிறது. அது நம் கையில் உள்ள அமானிதம்.

எந்த முயலை வளர்க்கலாம்?

வீட்டு முயல்கள் எல்லாம் ஐரோப்பிய முயலின் வழிவந்தவை. கொடைக்கானலை அடுத்த மன்னவனூரில் உள்ள மத்திய அரசின் ஆராய்ச்சி மையத்தில் வளர்க்கப்படும் வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா ஆகியவையும் இவ்வகையே. நம் கொல்லிகளில் ஓடும் காட்டுமுயல் வேறு இனம். அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். குட்டியாக வாங்கினால் குறைந்தது 6 வாரம், முடிந்தால் 8 வாரம் தாயிடம் இருந்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

தீனியை எப்படி மாற்றுவது?

முயலின் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் ஒரு பெரிய பை இருக்கிறது. அதில் வாழும் நுண்ணுயிர்களே புல்லைச் செரிக்க வைக்கின்றன. நேற்றுவரை தின்ற தீனிக்குப் பழகியவை அவை. திடீரென வேறு தீனி போனால் வயிறு உப்பும், கழிச்சல் வரும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது.

எனவே விற்றவரிடம் இதுவரை என்ன கொடுத்தார் என்று கேட்டு, இரண்டு வாரத்துக்கான அதே தீனியையும் சேர்த்து வாங்குங்கள். முதல் 3 நாட்கள் அதையே கொடுங்கள். கூடவே காய்ந்த அருகம்புல், கொழுக்கட்டைப்புல் போன்றவற்றை எந்நேரமும் வையுங்கள். 4ஆம் நாள் முதல் மூன்று பங்கு பழைய தீனியுடன் ஒரு பங்கு புதியதைக் கலந்து, பிறகு பாதிக்குப் பாதி என்று 10 முதல் 14 நாட்களில் மாற்றி முடியுங்கள். பசுந்தழைக்கு அது பழகியிராவிட்டால் ஒரு வாரம் கழித்து, ஒரு நேரத்தில் ஒரே வகையாகக் கொஞ்சம் கொடுத்து, புழுக்கை கெட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

வளர்ந்த முயலுக்குப் புல்தான் முக்கியத் தீனி. அதன் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்கின்றன. புல்லை மென்றால்தான் தேயும். கடைத் தீவனம் கிலோ எடைக்கு 25 கிராம் அளவு போதும். கேரட், வாழைப்பழம் வாரத்தில் ஓரிரு முறை ஒரு துண்டு மட்டும். சோறு, இட்லி, பிஸ்கட், வெங்காயம், பூண்டு வேண்டாம்.

நம் பகுதியில் மல்லாட்டைக் கொடிக்குப் பஞ்சமில்லை. முயலும் விரும்பித் தின்னும். ஆனால் அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம். வளர்ந்த முயலுக்கு அளவாகவே கொடுங்கள். மழையில் நனைந்து பூஞ்சணம் பூத்த கொடியையும் புண்ணாக்கையும் வைக்கவே கூடாது. அதில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் நஞ்சைத் தாங்கும் சக்தி முயலுக்கு மிகக் குறைவு.

முயலுக்குத் தண்ணீர் ஆகாது என்று சிலர் சொல்வது தவறு. கனமான மண்சட்டியில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும். 38 டிகிரியைத் தாண்டும் நம் கோடையில் நிழலும் காற்றும் அவசியம்.

கழிப்பிடப் பழக்கம்

முயல் உண்ண ஆகுமான பிராணி என்றாலும் அதன் சிறுநீரும் புழுக்கையும் ஷாஃபிஈ மத்ஹபில் நஜீஸ். ஹனஃபி மத்ஹபில் சிறுநீர் இலேசான நஜீஸ். தொழுகிற வீட்டில் முயலைத் திறந்துவிடுபவர்களுக்கு இந்தப் பழக்கம் முக்கியம்.

காட்டில் வாழும் ஐரோப்பிய முயல்கள் குறிப்பிட்ட இடங்களில்தான் கழிக்கும். அந்தக் குணம் வீட்டு முயலிடமும் இருக்கிறது. முதலில் சிறிய இடத்தில் விட்டு, எந்த மூலையைத் தேர்ந்தெடுக்கிறது என்று கவனியுங்கள். அங்கேயே அகலமான தட்டு வைத்து, செய்தித்தாள் விரித்து, மேலே வைக்கோல் போடுங்கள். முயல் தின்றுகொண்டே கழிக்கும்; எனவே தட்டின் ஒரு ஓரத்தில் புல் வையுங்கள். வெளியே கிடக்கும் புழுக்கையையும் சிறுநீர் நனைந்த தாளையும் எடுத்துத் தட்டில் போடுங்கள். வாசனை அதற்கு வழிகாட்டும். வெளியே நனைந்த இடத்தை வினிகர் கலந்த தண்ணீரால் துடையுங்கள். தட்டைச் சுத்தம் செய்யும்போது கொஞ்சம் பழைய தாளை விட்டுவையுங்கள்.

அடிப்பதும் அதட்டுவதும் பயன் தராது. பயந்த முயல் தீனியையும் விட்டுவிடும். தட்டில் ஒழுங்காகக் கழிக்கத் தொடங்கிய பிறகு, அது உலாவும் இடத்தைச் சிறிது சிறிதாக அதிகமாக்குங்கள். பருவமடைந்த முயல் எல்லை குறிக்க ஆங்காங்கே சிறுநீர் தெளிக்கும். கருத்தடை செய்தால் குறையும். மரத்தூளும், நனைந்தால் கட்டியாகும் பூனை மணலும் வேண்டாம்.

இரண்டு விஷயங்களுக்குப் பயப்பட வேண்டாம். திராட்சைக் கொத்துப் போன்ற மென்மையான புழுக்கையை முயல் தானே தின்னும். அதில் அதற்குத் தேவையான சத்து உள்ளது. தின்ற தழையைப் பொறுத்துச் சிறுநீர் சிவப்பாகவும் வரலாம். ஆனால் சிறுநீர் கழிக்கச் சிரமப்பட்டாலோ, சிவப்பு நீடித்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

12 மணி நேரம் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் நாளை பார்க்கலாம் என்று விடாமல் உடனே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். வீட்டில் மீந்த அமாக்சிசிலின் போன்ற மாத்திரைகளைக் கொடுத்துவிடாதீர்கள். அவை முயலின் குடல் நுண்ணுயிர்களை அழித்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

இந்த இரண்டு வாரத்தைப் பொறுமையாகக் கடந்தால், நல்ல பராமரிப்பில் 8 முதல் 10 ஆண்டுகள்வரை முயல் நம்முடன் வாழக்கூடும். அத்தனை ஆண்டும் பார்த்துக்கொள்ள முடியுமா என்று யோசித்து வாங்குங்கள்.