தனிவழியும் அதன் சாவிகளும்

சென்னைத் துறைமுகத்திற்கும், அதற்கு ஏறத்தாழ 24 கி.மீ. வடக்கே எண்ணூரிலுள்ள காமராசர் துறைமுகத்திற்கும் இடையே நெடுகிலும் சரக்குப் பெட்டக நிலையங்களும் சுங்க முகவர் அலுவலகங்களும் கடைசல் பட்டறைகளும் நெருங்கிக் கிடக்கின்றன. டேலி மென்பொருளில் எழுதிய கணக்கு இராயபுரத்து அலுவலகக் கணினியில் இருக்கும். சரக்கு எண்ணூரில் நிற்கும். திருவொற்றியூர்ப் பட்டறையின் கண்காணிப்புக் கேமராவை உரிமையாளர் இரவில் வீட்டிலிருந்தே பார்க்க விரும்புவார். இத்தகைய தொழில் நடத்துவோருக்கு வேண்டுவது தம்முடைய நான்கைந்து கருவிகள் மட்டும் மறையாக்கத்துடன் தமக்குள் நேரே பேசிக்கொள்ளும் ஒரு தனிவழி. நேரிணை மெய்நிகர்த் தனி வலையமைப்பு (வி.பி.என்.) என்பது இதுவே.

மாதக் கட்டணத்திற்குக் கிடைக்கும் வி.பி.என். சேவை வேறு. சந்தாதாரர் விவரங்களை ஐந்தாண்டு காக்க வேண்டும் என 2022 ஏப்ரல் 28இல் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஆணையிட்டபோது, அயல்நாட்டுச் சேவை நிறுவனங்கள் சில தம் வழங்கிகளை இந்தியாவிலிருந்து அகற்றின. நிறுவனங்கள் தமக்கென வைத்துக்கொள்ளும் தனி வலையமைப்புகளுக்கு அவ்விதி பொருந்தாது என்று பின்னர் விளக்கம் வந்தது.

தனிவழி அமைப்பதில் முதல் இடர் மறையாக்கம் அன்று, முகவரி. பழைய இணைய நெறியில் உள்ள முகவரிகள் சுமார் 429 கோடி. நடுவண் இருப்பின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரியில் பகிர்ந்தளிக்கப்பட்டன. ஆகவே தொலைதொடர்பு நிறுவனங்கள் பல சந்தாதாரர்களை முகவரி மாற்றி என்னும் ஏற்பாட்டால் ஒரே பொதுமுகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. துறைமுக வாயிலில், வெளியே சென்ற வண்டி தன் பதிவைக் காட்டித் திரும்பலாம். முன்பதிவின்றி வரும் வண்டி நிறுத்தப்படும். முகவரி மாற்றியும் அவ்வாறே, உள்ளிருந்து தொடங்காத உரையாடலை உள்ளே விடாது. இரு கருவிகளும் இத்தகைய வாயில்களுக்குப் பின்னால் இருந்தால் எது முதலில் அழைப்பது?

விடை நுட்பமானது. பொதுவெளியிலுள்ள ஒரு வழங்கி, ஒவ்வொரு கருவிக்கும் அதன் வெளிமுகவரியைச் சொல்கிறது. பிறகு இரண்டும் ஒரே வேளையில் ஒன்றையொன்று நோக்கித் தரவுப் பொதிகளை அனுப்புகின்றன. தன் பொதி வெளியேறியதால் ஏற்பட்ட பதிவு, எதிர்வரும் பொதியை மறுமொழியென்று எண்ணி உள்ளே விடச் செய்கிறது. சில முகவரி மாற்றிகள் ஒவ்வொரு இலக்குக்கும் வேறு வெளி எண் தருவதால் இம்முயற்சி தோற்கக்கூடும். அப்போது இடையில் ஒரு கடத்தி பொதிகளைச் சுமக்கும். சாவிகள் இருமுனைகளில் மட்டும் இருப்பதால் கடத்திக்கு எதுவும் புரியாது.

இதை அறியாதோர் எளிய வழியென்று திசைவியில் ஒரு வாயிலைத் திறந்து கேமராப் பதிவுக்கருவியை உலகுக்குக் காட்டிவிடுகிறார்கள். 2016இல் பரவிய மிராய் என்னும் தீநிரல் இப்படித் திறந்து கிடந்த கேமராக்களையும் பதிவுக்கருவிகளையும், ஆலையில் இட்ட கடவுச்சொல்லைக்கொண்டே கைப்பற்றியது. தனிவழியின் தேவைக்கு இதைவிட வலுவான சான்று வேண்டுமோ?

மறையாக்கம் இன்று பெரும்பாலும் தீர்ந்துவிட்ட சிக்கல். 2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6 பதிப்பில் இடம்பெற்ற வயர்கார்டு, தனிவழி அமைக்கும் மிகச் சிறிய நிரல்; ஒவ்வொரு கருவிக்கும் ஒரு மறைசாவியும், 44 எழுத்துகள் கொண்ட ஒரு பொதுச்சாவியும் போதும். ஆயினும் பத்துக் கருவிகள் தமக்குள் முழுமையாக இணைய 45 இணைப்புகள் வேண்டும். கையால் எழுதினால் 90 சாவிப் பதிவுகள். எந்தக் கணக்கர் அதைச் செய்வார்?

2019இல் தொடங்கிய டெயில்ஸ்கேல் போன்ற சேவைகள் அச்சுமையை ஒரு நடுவண் வழங்கியிடம் ஒப்படைத்தன. மின்னஞ்சல் கணக்கால் நுழைந்தால் போதும்; சாவிகள் தாமே பரவும். வசதி பெரிது, விலையும் உண்டு: அவ்வழங்கி நினைத்தால் அயலார் சாவி ஒன்றையும் பட்டியலில் நுழைக்கக்கூடும். இருக்கும் கருவிகள் கையொப்பமிட்டாலொழியப் புதிய கருவி நுழையாத ஏற்பாட்டை அந்நிறுவனமே பின்னர்க் கொண்டுவந்தது. ஆனால் அதை விரும்புவோர் தாமே இயக்கிக்கொள்ள வேண்டும். தொடக்கத்திலேயே இயங்கும் அமைப்பாக அது இருத்தல் வேண்டும் என்பது என் துணிபு.

அதற்கான கருவி மக்கள் கையில் இருக்கிறது. கியூஆர் குறியீட்டைக் கைபேசியால் படித்துப் பணம் செலுத்துவது காசிமேட்டிலும் பழக்கமாகிவிட்டது. வயர்கார்டு செயலியும் கியூஆர் குறியீட்டால் அமைவுகளை ஏற்கும். இங்கேதான் ஓர் இடறல். கடைச்சுவரில் ஒட்டிய பணக்குறியீட்டை யார் பார்த்தாலும் தீங்கில்லை. வயர்கார்டு அமைவுக் குறியீட்டிலோ மறைசாவியே அடங்கியிருக்கும். அதைப் படம்பிடித்து வாட்ஸாப்பில் அனுப்புவது சாவியையே அனுப்புவதாகும். ஒரே தோற்றமுடைய இரு குறியீடுகளிடம் நேர்மாறான ஒழுக்கத்தை எதிர்பார்ப்பது பொதுமக்களுக்கு இழைக்கும் அநீதி. கைபேசி தன் மறைசாவியைத் தானே உருவாக்கித் தன்னிடமே வைத்துக்கொண்டு பொதுச்சாவியை மட்டும் குறியீடாகக் காட்டினால், அக்குறியீட்டையும் சுவரில் ஒட்டலாம். அலுவலகக் கணினி அதைப் படித்துக் கையொப்பமிடும்.

சேர்ப்பதைவிட நீக்குவது கடினம். வேலையை விட்டுச் சென்றவரின் கைபேசியை விலக்க, நடுவண் வழங்கி இல்லாத அமைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியே சொல்ல வேண்டியிருக்கும். சேர்க்கும் திரையிலேயே நீக்கும் பொத்தானும் இருந்து, கையொப்பமிட்ட நீக்கச்செய்தி கருவிக்குக் கருவி தானே பரவ வேண்டும். இரவில் அணைத்து வைக்கப்பட்ட பட்டறைக் கணினியும், காலையில் எவர்க்கும் கேமராவைக் காட்டுமுன் அச்செய்தியைக் கேட்டுப் பெற வேண்டும்.