மந்த காலத்தில் எழுத்தை நம்பிப் பிழைக்கலாமா?



எஸ்.டி.பி.எம். முடித்துவிட்டுப் பல்கலைக்கழக இடத்துக்குக் காத்திருக்கும் மாணவர்களும், ஒப்பந்தம் முடிந்து வீட்டில் இருக்கும் இளம் ஆசிரியர்களும் அடிக்கடி ஒன்று கேட்பார்கள். “சார், எனக்குத் தமிழ் நல்லா எழுத வரும். இத வச்சு ஏதாவது சம்பாதிக்க முடியுமா? இப்ப வேற வேலையே கெடைக்க மாட்டேங்குது.”

முடியும். ஆனால் நமக்கு எழுதப் பிடித்தது ஒன்று, பிறர் காசு கொடுத்துக் கேட்பது வேறொன்று. பொருளாதாரம் நன்றாக இருக்கும்போது இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. மந்தம் வந்தால்தான் தெரியும். செமிலிங் போன்ற ஒரு சிற்றூரில் இருந்துகொண்டு சுயேச்சையாக எழுதிப் பிழைக்க நினைப்பவர் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. எஸ்.பி.எம். மாணவர்கள் ‘சுயதொழில்’ பற்றிய கருத்து விளக்கக் கட்டுரைக்கும் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

1. மந்தத்தில் எது நிற்கும், எது நிற்காது?

1998இல் நம் நாட்டுப் பொருளாதாரம் 7 விழுக்காட்டுக்கும் மேல் சுருங்கியது. 2020இல் 5 விழுக்காட்டுக்கும் மேல் சுருங்கியது. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதும் கல்யாணம், திருவிழா, பள்ளி விழா எல்லாம் நின்றுபோயின. அழைப்பிதழும் விழா மலரும் எழுதிக் கொடுத்தவர்களுக்கு வேலை இல்லை.

ஆனால் அதே நாள்களில் வேலை இழந்தவர்கள் வீட்டிலேயே சமைத்து விற்கத் தொடங்கினார்கள். அவர்களுக்கு உணவுப் பட்டியல் வேண்டும், வாட்ஸ்அப்பில் அனுப்ப நான்கு வரி விளம்பரம் வேண்டும். வேலை தேடியவர்களுக்கு மலாயிலும் ஆங்கிலத்திலும் சுயவிவரக் குறிப்பும் விண்ணப்பக் கடிதமும் வேண்டும். பெற்றோர்களுக்குப் பிள்ளைகள் வீட்டில் செய்யப் பயிற்றிகள் வேண்டும்.

இதில் இருக்கும் பாடம் எளியது. மக்கள் எழுத்தை வாங்குவதை நிறுத்துவதில்லை. தள்ளிப்போடக்கூடிய எழுத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். வாங்குபவருக்குக் காசு சம்பாதித்துத் தரும் எழுத்தும், இன்றே முடிக்க வேண்டிய எழுத்தும் நிற்பதில்லை.

2. வரலாற்றிலிருந்து இரண்டு சான்றுகள்

இந்தச் சிக்கல் நம் காலத்தில் மட்டும் வந்ததன்று. விளம்பரத் தொழிலில் இருந்த எஸ்.எஸ்.வாசன், தடுமாறிக்கொண்டிருந்த ‘ஆனந்த விகடன்’ இதழை 1928இல் வாங்கினார். அடுத்த ஆண்டே உலகப் பெருமந்தம் தொடங்கியது. அந்தக் காலத்திலும் விகடன் வளர்ந்தது. நகைச்சுவை, கேலிச்சித்திரம், தொடர்கதை, பரிசுப் போட்டி என்று வாசகர் வாரந்தோறும் எதிர்பார்க்கும் ஒன்றை அது கொடுத்தது. ‘நவசக்தி’யில் வேலை பார்த்த ரா.கிருஷ்ணமூர்த்தி, ‘ஏட்டிக்குப் போட்டி’ என்ற கட்டுரையைக் ‘கல்கி’ என்ற புனைபெயரில் விகடனுக்கு எழுதி அனுப்பினார். பிற்பாடு அதே இதழின் ஆசிரியப் பொறுப்புக்கே வந்தார். கையில் இருந்த வேலையை விட்டுவிட்டு எழுத வரவில்லை. வேலையில் இருந்துகொண்டே எழுதத் தொடங்கினார்.

மலாயாவில் அந்த மந்தம் ரப்பர் விலையை வீழ்த்தியது. தோட்டங்கள் ஆள்குறைப்புச் செய்தன. ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் கப்பலேறி இந்தியாவுக்குத் திரும்பினார்கள். அந்த வடு ஆறாத 1935 ஜூலையில் கோ.சாரங்கபாணி சிங்கப்பூரில் ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கினார். விலை ஒரு காசு. தொழிலாளியின் சட்டைப்பையில் என்ன இருக்கும் என்பதைப் பார்த்து வைத்த விலை அது.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019ஆம் ஆண்டு தொடக்கத்தில் நின்றுபோனது. எத்தனையோ பேர் எழுதப் பழகிய நாளிதழ் அது. ஞாயிறு பதிப்பில் கதை வந்தால் பெருமைதான். ஆனாலும் அதை வைத்து அரிசி வாங்கியவர் எத்தனை பேர்? ஒரே இடத்தை நம்பி எழுதினால் அந்த இடம் மூடும்போது நாமும் மூடிவிடுவோம். இலக்கியம் எழுதுங்கள், அது வேறு. பிழைப்புக்கான எழுத்துக்குக் குறைந்தது நான்கைந்து வாடிக்கையாளராவது இருக்கட்டும்.

3. நம் வட்டாரத்தில் வேலை எங்கே இருக்கிறது?

“செமிலிங்ல யாருங்க எழுத்துக்குக் காசு குடுப்பாங்க?” என்று கேட்பீர்கள். ஒரு சனிக்கிழமை மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பீடோங், செமிலிங், மெர்போக் என்று ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். எழுத்துப் பிழையோடு தொங்கும் பெயர்ப்பலகை, பதாகை, உணவுப் பட்டியல் எத்தனை என்று எண்ணுங்கள். அதுவே உங்கள் முதல் வாடிக்கையாளர் பட்டியல்.

• கடை, சமையல் சேவை, பாலர் பள்ளி, டியூஷன் நிலையம்: முகநூல் பதிவு, துண்டறிக்கை, கட்டண விவரம்.

• கோயில், தமிழ்ப்பள்ளி, சங்கம்: கும்பாபிஷேக மலர், ஆண்டு நிறைவு மலர், நன்கொடை வேண்டுகோள் கடிதம். தோட்டங்கள் மூடப்பட்டு மக்கள் பட்டணம் போய்விட்ட இந்தக் காலத்தில், பழைய தோட்டத்து வரலாற்றைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதித் தருவதும் ஒரு வேலைதான்.

• குடும்பங்கள்: நினைவஞ்சலி அறிவிப்பு, விண்ணப்பக் கடிதம், மேல்முறையீட்டுக் கடிதம்.

• மாணவர்கள்: ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆய்வேட்டை எழுதிக் கொடுப்பது ஏமாற்று, அதைச் செய்யாதீர்கள். தட்டச்சு, பிழைதிருத்தம், கேள்விக்கொத்தைத் தமிழில் பெயர்த்துத் தருவது நேர்மையான வேலை.

• சுற்றுலா: இதை நாம் கவனிக்காமல் இருக்கிறோம். இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் முதல் மலேசியா வர விசா தேவையில்லை என்று ஆனது. தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களில் ‘கடாரம்’ என்ற பெயர் தெரிந்தவர்கள் உண்டு. இராசேந்திர சோழன் 1025ஆம் ஆண்டு வாக்கில் படையெடுத்த அந்தக் கடாரத்தோடு இணைத்துப் பேசப்படும் பூஜாங் பள்ளத்தாக்கு நம் வீட்டு வாசலில் இருக்கிறது. மெர்போக் அருங்காட்சியகம், சண்டி புக்கிட் பத்து பகாட், சுங்கை பத்து அகழாய்வு இடம் ஆகியவற்றைத் தமிழில் விளக்கும் நான்கு பக்கக் குறிப்பு, தங்குவிடுதிக்கும் வேன் ஓட்டுநருக்கும் உதவும். வழிகாட்டியாகச் சுற்றிக் காட்ட உரிமம் வேண்டும். குறிப்பு எழுதித் தர வேண்டியதில்லை.

‘சாட்ஜிபிடி எல்லாம் வந்துவிட்டதே’ என்ற கவலை நியாயமானது. இயந்திரம் தமிழ் எழுதுகிறது. ஆனால் சந்திப் பிழை, மலேசிய வழக்குக்கு ஒவ்வாத சொல், தப்பான ஊர்ப்பெயர் ஆகியவற்றையும் சேர்த்தே எழுதுகிறது. திருத்தித் தருவதையும் ஒரு சேவையாகச் சொல்லுங்கள்.

4. விலை சொல்வது எப்படி?

நம்மவர்கள் தடுமாறும் இடம் இதுதான். “தம்பி, ரெண்டு வரிதானே, சும்மா எழுதிக் குடுங்களேன்” என்பார்கள். நாமும் முகத்தைப் பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்துவிடுவோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இப்போதைய குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்று வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 8 வெள்ளி வரும். ஒரு துண்டறிக்கைக்கு விவரம் கேட்க ஒரு மணி, எழுத இரண்டு மணி, திருத்த ஒரு மணி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 32 வெள்ளிக்குக் கீழே வாங்கினால், நீங்கள் ஆகக் குறைந்த சம்பளத்துக்கும் கீழே வேலை செய்கிறீர்கள். இணையம், மின்சாரம், வேலை இல்லாத நாள் எல்லாவற்றையும் சேர்த்தால் அதைப் போல் இரண்டு மடங்காவது வேண்டும்.

மந்த காலத்தில் வாடிக்கையாளர் “கொறைச்சுக்குங்க” என்றால் என்ன செய்வது? விலையைக் குறைக்காதீர்கள், வேலையின் அளவைக் குறையுங்கள். “64 வெள்ளிக்கு ரெண்டு மொழியில தர்றேன். 40 வெள்ளின்னா தமிழ்ல மட்டும் தர்றேன்” என்று சொல்லலாம். ஒருமுறை பாதி விலைக்கு இறங்கினால் அதுவே உங்கள் விலையாகிவிடும். பொருளாதாரம் நிமிர்ந்தாலும் உங்கள் விலை நிமிராது.

தனித்தனி வேலையைவிட மாதக் கட்டணம் நல்லது. ஒரு கடைக்கு மாதம் எட்டுப் பதிவு என்று பேசிக்கொண்டால் அவருக்கும் செலவு தெரியும், உங்களுக்கும் வருமானம் தெரியும்.

5. எழுத்தில் வாங்காத வாக்கு

இதை என் சொந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். ஒரு பள்ளி விடுமுறை முழுக்க உட்கார்ந்து ஒரு தரப்புக்குத் தேர்வுப் பயிற்றி எழுதிக் கொடுத்தேன். பக்கத்துக்கு இவ்வளவு என்று வாய்ப்பேச்சுதான். பாதிப் பணம் வந்தது. மறுஆண்டு அதே பயிற்றி வேறு அட்டையோடு, என் பெயர் இல்லாமல் கடைக்கு வந்தது. கேட்கப் போனால் என் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. கோபப்பட்டு என்ன பயன்?

அதற்குப் பிறகுதான் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தைப் படித்தேன். நம் நாட்டில் ஒருவர் கேட்டு, அவருக்காகவே எழுதிக் கொடுக்கும் படைப்பின் உரிமை, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், கேட்டவருக்குப் போய்ச் சேர்ந்ததாகவே கருதப்படும். பலரும் இதை நேர்மாறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். ஒரு மின்னஞ்சல் இருந்தாலும் நல்லது. இருவரும் கையெழுத்திட்ட தாள் இன்னும் நல்லது. அதில் ஐந்து செய்திகள் இருக்கட்டும்:

1. என்ன வேலை, எத்தனை பக்கம்.
2. எப்போது முடியும், எத்தனை முறை திருத்தம்.
3. மொத்தத் தொகை, முன்பணம் (பாதி கேளுங்கள்).
4. மீதிப் பணம் தரும் நாள்.
5. உரிமை யாருக்கு, மறுபதிப்பு வந்தால் என்ன செய்வது, பெயர் போடுவார்களா.

இன்னொன்று. தேர்வு வாரியத்தின் பழைய கேள்வித்தாள்களை அப்படியே எடுத்துப் பயிற்றியாக விற்காதீர்கள். அவை நம் சொத்து அல்ல.

6. சட்டப்படி செய்ய வேண்டியவை

அரசாங்க ஆசிரியர்கள்: 1993ஆம் ஆண்டு பொது அதிகாரிகள் நடத்தை, ஒழுங்கு விதிமுறைகளின் 5ஆம் விதி வெளிவேலையைப் பற்றியது. கட்டணம் வாங்கி வேலை செய்வதற்கு முன் துறைத் தலைவரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். “சின்ன வேலைதானே” என்று விட்டுவிடாதீர்கள். முதலில் தலைமையாசிரியரிடம் பேசுங்கள். பள்ளி நேரத்தில் இந்த வேலை கூடவே கூடாது.

மற்றவர்கள்: தொடர்ந்து தொழிலாகச் செய்தால், தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் பதிந்தால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. பதிவு இருந்தால் பள்ளிகளும் நிறுவனங்களும் உங்கள் விலைப்பட்டியலை ஏற்பது எளிது.

வருமான வரி: தொழில் வருமானம் உள்ளவர்கள் ‘பிஇ’ பாரத்தை அல்ல, ‘பி’ பாரத்தை நிரப்ப வேண்டும், அதற்குக் கெடு ஜூன் 30. ரசீதுகளை ஏழு ஆண்டு வைத்திருங்கள். சுயதொழில் செய்பவர்கள் ஊழியர் சேமநிதியில் தாங்களே பணம் போடலாம். நல்ல மாதத்தில் கொஞ்சம் எடுத்து வையுங்கள், சிறுதுளி பெருவெள்ளம்.

முடிவுரை

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது பழமொழி. இருக்கும் வேலையை உதறிவிட்டு இதில் குதிக்கச் சொல்லவில்லை. வாரத்துக்கு ஆறு மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் மாதம் ஒரு வாடிக்கையாளர் போதும். அவர் மறுபடியும் வந்தால் நீங்கள் சரியான வழியில் போகிறீர்கள். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று அவரிடமே கேளுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நம் தாத்தா பாட்டி காலத்தில் ரப்பர் விலை விழுந்தால் வீட்டில் அடுப்பு எரியாது. நம் கையில் இருக்கும் தமிழுக்கு அந்த நிலை வராமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

மாணவர் பயிற்சி

1. மந்த காலத்திலும் தேவைப்படும் எழுத்து வேலைகள் மூன்றைக் குறிப்பிட்டு, காரணம் எழுதுக.
2. ‘விலையைக் குறைக்காதீர்கள், வேலையின் அளவைக் குறையுங்கள்’ – இக்கருத்தை ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்குக.
3. உங்கள் ஊர்க் கடை ஒன்றுக்கு 50 சொற்களில் விளம்பரம் எழுதுக. எழுத எவ்வளவு நேரம் ஆனது என்பதைக் குறித்து, அதற்குரிய விலையைக் கணக்கிடுக.