நோவாற்றும் மருந்தும் நோயற்ற மனிதரும்

குறிகட்டுவான் துறையிலே நெடுந்தீவுப் படகுக்காகக் காத்து நிற்கின்றோம். வெயிலினால் தலையிடி. கைப்பையிலிருந்த குளிசையொன்றை விழுங்கிவிட்டுப் படகேறுகின்றோம். அது நமக்குத் தீங்கு செய்யுமோவென்று ஒரு கணமேனும் எண்ணுவதுண்டா?

இக்காலத்தில் புதிய நோவாற்றும் மருந்தொன்று கடைக்கு வருமுன், நோயற்ற மனிதர் சிலர் அதனை உண்டு பார்க்கின்றனர். நோயாளிக்கு முதலிற் கொடுத்தால், தோன்றும் கோளாறு நோயினாலா மருந்தினாலா என்று பிரித்தறிதல் கடினம். எனவே, விலங்குகளிற் சோதித்தபின், விரும்பி முன்வரும் சுகதேகிகளுக்கு மிகச் சிறிய அளவிலே தொடங்கிப் படிப்படியாக உயர்த்துவர். குழுவிற் சிலருக்கு மருந்தில்லாத போலிக் குளிசையும் கொடுப்பர்.

2016 ஜனவரியில் பிரான்சின் ரென் நகரில் இவ்வாறான சோதனையொன்று நடைபெற்றது. போர்த்துக்கலின் பியால் நிறுவனம் ஆக்கிய மருந்து அது. நோவைத் தணிக்க உடலே 'ஆனந்தமைட்' என்னும் பொருளைச் சுரக்கின்றது. நமது 'ஆனந்தம்' என்ற சொல்லே அதற்குப் பெயராயிற்று. அதனைச் சிதைக்கும் நொதியத்தைத் தடுப்பதே மருந்தின் நோக்கம்.

நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் வரை பெரிய தீங்கேதும் தோன்றவில்லை. அடுத்த குழுவில் அறுவருக்கு 50 மில்லிகிராம் கொடுக்கப்பட்டது. ஐந்தாம் நாளாகிய ஜனவரி 10 மாலை ஒருவர் நோயுற்று வைத்தியசாலை சேர்ந்தார். அவர் நிலையை விசாரித்தறியாமலே, மறுநாட் காலை ஏனையோருக்கும் மருந்து கொடுத்தனர்! தோழர் நோயுற்ற செய்தியைக் கூறி அவர்களின் சம்மதத்தை மீண்டும் கேட்டாருமில்லை. ஜனவரி 17 அன்று முதல்வர் உயிர் நீத்தார். மற்றைய ஐவரும் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டனர். அவர்களுட் சிலர் நரம்புப் பாதிப்புக்குள்ளாயினர்.

அம்மருந்து குறித்த நொதியத்தை மாத்திரமன்றி வேறு பல நொதியங்களையும் தாக்கியதென 2017 இல் வெளியான ஆய்வு காட்டிற்று. அவ்வாண்டே ஐரோப்பிய மருந்து முகவரகம் முதற்சோதனைகளுக்கான நெறிமுறைகளை இறுக்கியது. இலங்கையிலும் 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் மருந்துச் சோதனைகளைக் கட்டுப்படுத்துகின்றது.

சம்மதம் என்பது ஒருமுறை இட்ட கையொப்பத்துடன் முடிவதன்று. கடல் கொந்தளிப்பதை அறிந்த படகோட்டி அதனைப் பயணிகளுக்கு மறைக்கலாமா? ஏறுவதா, கரையில் நிற்பதா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை பயணிக்கே உரியது. மருந்துச் சோதனைக்குத் தம் உடலைத் தந்தவருக்கும் அவ்வுரிமை உண்டு. அடுத்த முறை குளிசையைக் கையிலெடுக்கும்போது, முகமறியாத அம்மனிதரையும் ஒருகணம் நினைப்போமாக.