வெளியேற மனமில்லாதோரும் வெளியேற வழியில்லாதோரும்: பிரேமானந்தா ஆசிரம வழக்கை முன்வைத்துக் குருமையக் குழுக்களின் உளவியல்

குருமையக் குழுக்களைப் பற்றிய உளவியல் ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே வினாவிலிருந்து தொடங்குகின்றன: அறிவுடைய மனிதர் ஏன் நம்புகின்றனர்? தமிழகத்தில் நீதிமன்றத் தீர்ப்புவரை சென்ற வழக்குகளுள் முதன்மையானதாகிய பிரேமானந்தா வழக்கை நோக்கினால், இவ்வினா பாதியளவே பொருந்துவதைக் காணலாம்.

இலங்கையின் மாத்தளையில் 1951-இல் பிறந்த பிரேமானந்தா, 1983 இனக்கலவரத்திற்குப் பின் தமிழகம் வந்தார். 1989-இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த பாத்திமா நகரில் ஆசிரமம் நிறுவினார். வெறுங்கையில் திருநீறு வரவழைத்தல், சிவராத்திரியன்று வாயிலிருந்து லிங்கம் எடுத்தல் ஆகியன அவரது புகழுக்கு அடிப்படையாயின. அவருடன் வந்தவர்களுள் போரினால் ஆதரவிழந்த சிறுவர் சிறுமியர் பலர். ஆசிரமத்தை விட்டு வெளியேறிய ஒரு பெண் வாயிலாக 1994-இல் உண்மை வெளிப்பட்டது. புதுக்கோட்டை அமர்வு நீதிமன்றம் 1997 ஆகஸ்டில் 13 பெண்களை வன்புணர்ந்த குற்றத்திற்கும், ரவி என்பவரைக் கொலை செய்த குற்றத்திற்கும் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. மரபணுச் சோதனை இவ்வழக்கில் முக்கியச் சான்றாயிற்று. உச்ச நீதிமன்றம் 2005-இல் தண்டனையை உறுதிசெய்தது. 2011-இல் அவர் தண்டனைக் காலத்திலேயே இறந்தார்.

ஆசிரமம் மூடப்படவில்லை. தீர்ப்புக்குப் பின்னும் உள்நாட்டிலும் ஐரோப்பாவிலும் பக்தர்கள் தொடர்ந்தனர். இலங்கை உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதியும் வட மாகாண முதலமைச்சராக இருந்தவருமான சி. வி. விக்னேஸ்வரன் தம்மை அவருடைய பக்தராக வெளிப்படையாகவே கூறிக்கொண்டவர். சான்றுகளை எடைபோடுவதையே தொழிலாகக் கொண்டவரையும் கல்வி இத்தகைய பற்றிலிருந்து விலக்கிவிடுவதில்லை.

இந்நிலைக்கு விளக்கமாக லியோன் ஃபெஸ்டிங்கரும் உடனாய்வாளர்களும் 1956-இல் வெளியிட்ட ஆய்வு வழக்கமாகச் சுட்டப்படுகிறது. 1954 டிசம்பர் 21-இல் பெருவெள்ளம் உலகை அழிக்கும் என நம்பிய அமெரிக்கக் குழு ஒன்றை அவர்கள் உள்ளிருந்து கவனித்தனர். வெள்ளம் வரவில்லை. ஒன்றாகக் கூடியிருந்து காத்திருந்தோரிடம் நம்பிக்கை வலுத்தது; வீட்டில் தனித்திருந்தோரிடம் அது தளர்ந்தது. குழுவுக்குள் ஆய்வாளர்களே கலந்திருந்தமை முடிவைப் பாதித்திருக்கலாம் என்ற மறுப்பு உண்டு, அம்மறுப்பு நியாயமானதே. எனினும் தனிமைக்கும் கூட்டத்திற்கும் இடையே அவர்கள் கண்ட வேறுபாடு கவனத்திற்குரியது. வேலையையும் சொத்தையும் உறவையும் துறந்து வந்தவருக்குக் ‘குரு குற்றவாளி’ என்பது வெறும் செய்தியன்று; தம் கடந்தகால வாழ்வு முழுவதன்மீதும் வரும் தீர்ப்பு. அதைத் தனியே தாங்குவதைவிட, ‘குருவுக்கு வந்த சோதனை’ எனப் பத்துப் பேருடன் சேர்ந்து பொருள்கொள்வது எளிது.

அந்நிலைக்கு எவரும் ஒரே நாளில் வந்து சேர்வதில்லை. ஃபிரீட்மன், ஃபிரேசர் ஆகியோரின் 1966 ஆய்வில், பாதுகாப்பாக வண்டியோட்டக் கோரும் பெரிய பலகையை வீட்டு முன்றிலில் நட நேரடியாகக் கேட்கப்பட்டோருள் ஏறத்தாழ 17 விழுக்காட்டினரே இசைந்தனர். அதே பொருளில் சிறிய அட்டையொன்றை முன்னரே ஏற்றிருந்தோருள் 76 விழுக்காட்டினர் இசைந்தனர். வாரம் ஒருநாள் பஜனை, பிறகு ஒருநாள் சேவை, பிறகு நன்கொடை என்ற வரிசையும் இதே படிக்கட்டுதான். ஆயினும் இதை மனமயக்கம் என மிகைப்படுத்தலாகாது. பிரிட்டனில் ஒன்றிணைப்புத் திருச்சபையை ஆராய்ந்து அய்லீன் பார்க்கர் 1984-இல் வெளியிட்ட நூல், அறிமுக முகாமுக்கு வந்தோருள் பத்தில் ஒன்பது பேர் சேரவேயில்லை எனக் காட்டிற்று.

இந்தப் படிக்கட்டு ஏறுவதற்குக் கடவுளும் தேவையில்லை. பித்தளைப் பாத்திரப் பட்டறைகளுக்குப் பெயர்பெற்ற அனுப்பர்பாளையத்தைத் தன்னகத்தே கொண்ட திருப்பூரில் இயங்கிய பாசி நிறுவனம், அந்நியச் செலாவணி வணிகத்தில் பெருலாபம் ஈட்டித் தருவதாகக் கூறி ஏறத்தாழ 930 கோடி ரூபாய் திரட்டி, 2009-இல் சரிந்தது. அதன் இயக்குநர்கள் இருவருக்குக் கோவைச் சிறப்பு நீதிமன்றம் 2022-இல் 27 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. பனியன் கம்பெனியிலும் பட்டறையிலும் ஒருவரையொருவர் அறிந்தே தொழில் நடக்கும் ஊரில், பக்கத்து வீட்டார்க்குத் தவறாமல் வந்த மாதத் தொகையைவிட வலிய விளம்பரம் வேறில்லை. பணம் பெற்றவர் பொய் சொல்லவில்லை என்பதே இதில் வருந்தத்தக்க கூறு. அவர் கண்டதைத்தான் கூறினார்.

இவையனைத்தும் நம்பியவர்களின் உளவியல். ஆசிரமத்துச் சிறுமியருக்கு இது பொருந்தாது. அவர்கள் படிப்படியாக இசைந்து வந்தவரல்லர், கொண்டுவரப்பட்டவர்கள். திரும்பிச் செல்ல ஊரில்லை, முறையிடக் குடும்பமில்லை. உணவும் படிப்பும் உறைவிடமும் அவர் கையிலேயே இருந்தன. ராபர்ட் லிஃப்டன் 1961-இல் ‘சூழல் கட்டுப்பாடு’ எனப் பெயரிட்டது இங்கே எவ்வித உபதேசமும் இன்றியே நிறைவேறிவிடுகிறது. கோவை, திருப்பூர் வட்டார நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் விடுதிகளில் தங்கவைக்கப்பட்ட இளம்பெண்களின் நிலையுடன் இதனை ஒருவகையில் ஒப்பிடலாம். அங்கே குரு இல்லை. ஆனால் மூன்றாண்டு முடிவில்தான் கைக்கு வரும் மொத்தத் தொகையும் வெளியே செல்வதற்கான கட்டுப்பாடும் இருந்தன. அவர்கள் பொறுத்திருந்ததை எவரும் ‘பக்தி’ என்று அழைப்பதில்லை.

ஆசிரமத்துச் சிறுமியரின் மௌனத்தையோ ‘முன்பே ஏன் சொல்லவில்லை’ என்ற வினாவாக்கி அவர்களுக்கே எதிராகத் திருப்ப முடிகிறது. பக்தர்களின் மனநிலையை விளக்கும் கோட்பாட்டை அவர்கள்மீதும் போர்த்தும் ஆய்வு, அறியாமலே இவ்வினாவுக்குத் துணைபோகிறது. பாசியில் பணமிழந்தவர் காவல் நிலையத்திற்கு நடந்துசென்று புகார் எழுதித் தர இயன்றது. பாத்திமா நகரில் அதற்கு முதலில் ஒருத்தி வாயிலைக் கடக்க வேண்டியிருந்தது.