போன் ஸ்கிரீன் திடீர்னு கறுப்பாயிடுச்சா? பர்ஸைத் திறக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



போன ஏப்ரல் மாசம், காலை பத்து மணி இருக்கும். தெரியாத நம்பர்ல இருந்து ஒரு கால். எடுத்தா எங்க சித்தப்பா. உத்திரமேரூர் பக்கத்துல ஒரு கிராமத்துல விவசாயம் பண்றார். பக்கத்து வீட்டுக்காரர் போனை வாங்கிப் பேசுறார்.

"டேய் கண்ணு, என் போன் செத்துப் போச்சுடா. கறுப்பா கிடக்குது, எதைத் தட்டினாலும் அசைய மாட்டேங்குது. நேத்து சாயந்தரம் உத்திரமேரூர்ல ஒரு கடையில காட்டினேன். போர்டு போயிடுச்சு, புதுசு வாங்கிக்கோங்க, மாசம் 1,399 கட்டினா போதும், ஆதார் எடுத்துனு வாங்கன்னு சொல்றான். இங்க நெல் அறுத்து முடிஞ்சுது. மெஷின்காரன் காசுக்கு நின்னுனு இருக்கான். ஜிபேவுல தரேன்னு பேசியிருந்தேன். கையில இருநூறு ரூபாதான் இருக்குது."

நவரை அறுவடை நேரம். அறுவடை மெஷினுக்கு அடுத்த வயல் காத்திருக்கு. சித்தப்பா குரல்ல பதற்றம் தெரிஞ்சுது. மத்தியானமே ஆதாரை எடுத்துக்கிட்டு அந்தக் கடைக்குப் போயிருப்பார்.

"ஒரு நிமிஷம் லைன்லயே இருங்க சித்தப்பா"ன்னு சொல்லிட்டு, என்னோட இன்னொரு போன்ல இருந்து அவர் நம்பருக்கு அடிச்சேன். பத்து செகண்ட்ல அவர் சட்டைப் பாக்கெட்ல இருந்து ரிங்டோன் எனக்கே கேட்டுச்சு.

"அட, அடிக்குதுடா!"

போர்டு போன போன் ரிங் ஆகாது நண்பர்களே. போன் உயிரோடதான் இருந்துச்சு, ஸ்கிரீன்தான் போயிருந்துச்சு. அந்த ஒரு ரிங் சித்தப்பாவுக்கு 15,000 ரூபாய்க்கு மேல மிச்சம் பண்ணிச்சு. எப்படின்னு கீழே கணக்கோட சொல்றேன்.

முதல் கேள்வி: போன் போச்சா, ஸ்கிரீன் மட்டும் போச்சா?

கறுப்பு ஸ்கிரீனைப் பார்த்ததும் நாம நினைக்கிறது "போன் காலி". ஆனா இது மூணு வகையா இருக்கலாம். மூணுக்கும் செலவு வேற வேற.

1. சாஃப்ட்வேர் உறைஞ்சு போயிருக்கும். செலவு பூஜ்யம்.
2. பேட்டரி முழுசா இறங்கியிருக்கும், இல்லன்னா சார்ஜர், சார்ஜிங் ஓட்டைப் பிரச்சினை. சின்ன செலவு.
3. டிஸ்ப்ளே அல்லது போர்டு பழுது. டிஸ்ப்ளேன்னா நடுத்தரச் செலவு, போர்டுன்னா பெரிய செலவு.

இதைப் பிரிச்சுப் பார்க்க வேற ஒரு போன்ல இருந்து ரிங் விடுங்க. ரிங் அல்லது வைப்ரேஷன் வந்தா போர்டும் பேட்டரியும் வேலை செய்யுதுன்னு அர்த்தம். "ஸ்விட்ச் ஆஃப்"னு வந்தா சார்ஜ்ல இருந்து ஆரம்பிக்கணும்.

காசு செலவில்லாம வீட்டிலேயே செய்ய வேண்டியவை

ஒன்று: கட்டாய ரீஸ்டார்ட். சாம்சங் போன்னா வால்யூம் குறைக்கும் பட்டனையும் பவர் பட்டனையும் சேர்த்து 10 செகண்டுக்கு மேல அழுத்திப் பிடிங்க. ரெட்மி மாதிரி போன்கள்ல பவர் பட்டனை மட்டும் 15 செகண்ட் வரை பிடிச்சுப் பாருங்க. கூகுள் பிக்ஸல்ல 30 செகண்ட் வரை பிடிக்கணும். ஐபோன் 8-ம் அதுக்கு அப்புறம் வந்ததும்னா, வால்யூம் கூட்டும் பட்டனை அழுத்தி விடுங்க, குறைக்கும் பட்டனை அழுத்தி விடுங்க, பிறகு பக்கவாட்டுப் பட்டனை ஆப்பிள் லோகோ வரும் வரை பிடிங்க.

ஒரு எச்சரிக்கை. சில போன்கள்ல பட்டனைப் பிடிச்சா ஆங்கிலத்துல ஒரு மெனு வரும். அதுல "வைப் டேட்டா" அல்லது "ஃபேக்டரி ரீசெட்"னு இருந்தா தொடவே தொடாதீங்க. போட்டோ, நம்பர் எல்லாம் அழிஞ்சுடும். "ரீபூட்" மட்டும் போதும்.

இரண்டு: சார்ஜ். நல்லா வேலை செய்யற வேற சார்ஜர், வேற கேபிள், வேற பிளக். அரை மணி நேரம் விடுங்க. அடிமட்டம் வரை இறங்கின பேட்டரி உடனே எதையும் காட்டாது. இடையில எடுத்து எடுத்துப் பார்க்காதீங்க.

மூன்று: சார்ஜிங் ஓட்டை. சட்டைப் பாக்கெட் பஞ்சு, வயல் தூசி எல்லாம் அங்கதான் போய் அடையும். டார்ச் அடிச்சுப் பாருங்க. மரப் பல்குச்சியால மெதுவா எடுங்க. ஊசி, குண்டூசி வேண்டாம்.

நான்கு: சூடு. சித்திரை வெயில்ல பைக் ஹேண்டில்ல மாட்டின போன், டிராக்டர் மேல வச்ச போன் சூடேறித் தானா அணைஞ்சுடும். நிழல்ல ஆற விடுங்க. ஃபிரிட்ஜ்ல வைக்காதீங்க, உள்ளே ஈரம் கோர்க்கும்.

ஐந்து: டார்ச் சோதனை. ரிங் வருது, படம் வரலை. இருட்டு அறைக்குப் போய் ஸ்கிரீன் மேல சாய்வா டார்ச் அடிங்க. மங்கலா எழுத்தோ படமோ தெரிஞ்சா, எல்சிடி திரைக்குப் பின்னாடி எரியற பேக்லைட் போயிருக்கு. அமோலெட் திரைக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அதுல தனி பேக்லைட்டே கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும்.

ஆறு: கால் பேசும்போது மட்டும் கறுப்பாகுதா? அது பழுதே இல்லாம இருக்கலாம். காதுகிட்ட வச்சா திரையை அணைக்கிற சென்சார் மேல தூசியோ, சரியா ஒட்டாத ஸ்கிரீன் கார்டோ மறைச்சிருக்கும். துடைச்சுப் பாருங்க, கார்டை எடுத்துப் பாருங்க.

தண்ணியில விழுந்த போன்னா மேலே சொன்ன எதுவும் வேண்டாம். சார்ஜ் போடாதீங்க, பட்டனை அழுத்தாதீங்க. அரிசியில புதைக்கவும் வேண்டாம். துகள் உள்ளே போய்க் கெடுக்கும்னு 2024-ல ஆப்பிள் நிறுவனமே சொல்லியிருக்கு. பேட்டரி உப்பிப் பின்மூடி தூக்கியிருந்தாலும் சார்ஜ் போடாம நேரா சர்வீஸுக்குக் கொண்டு போங்க.

போன் இல்லாத நேரத்துல காசுக்கு என்ன வழி?

சித்தப்பா போன்ல ரீஸ்டார்ட் பலிக்கலை. டார்ச் அடிச்சப்போ மங்கலா நேரம் தெரிஞ்சுது. ஆக, டிஸ்ப்ளேதான். ஆனா மெஷின்காரர் வரப்புல நிக்கிறாரே?

முதல்ல ஒன்னு புரிஞ்சுக்கோங்க. பணம் போன்ல இல்லை, வங்கியில இருக்கு. போன் வெறும் சாவி. நெல் கொள்முதல் நிலையத்துல போட்ட நெல்லுக்கான காசு வங்கிக் கணக்குக்குத்தான் வரும். 2023 செப்டம்பர் 15-ம் தேதி நம்ம காஞ்சிபுரத்துல தொடங்கி வச்ச மகளிர் உரிமைத் தொகையும் அப்படித்தான். போன் கறுப்பானாலும் ரெண்டும் கணக்குல ஏறும். மெசேஜை மட்டும்தான் நம்மால பார்க்க முடியாது.

"ஏடிஎம் கார்டு இருக்கா சித்தப்பா?"

"இருக்குது. நம்பர் மறந்து போச்சுடா. ரெண்டு வருஷமா ஜிபேதானே."

உங்கள்ல எத்தனை பேருக்கு இதே நிலைமைன்னு யோசிச்சுப் பாருங்க. இந்த மாதிரி நேரத்துக்கு மூணு வழி இருக்கு.

ஆதார் கைரேகை. கணக்குல ஆதார் இணைச்சிருந்தா, வங்கி மித்ரா கிட்டயோ தபால் நிலையத்துலயோ கைரேகை வச்சுப் பணம் எடுக்கலாம். கார்டு வேண்டாம், போன் வேண்டாம், ஓடிபி வேண்டாம். சித்தப்பா இதைத்தான் செஞ்சார். ஒரு மணி நேரத்துல மெஷின் வாடகையைக் கொடுத்து அனுப்பிட்டார்.

சிம்மை மாத்துங்க. கறுப்பான போன்ல இருந்து சிம்மை எடுத்து வீட்டுல கிடக்கிற பட்டன் போன்ல போடுங்க. கால், ஓடிபி எல்லாம் வர ஆரம்பிச்சுடும். சிம் நல்லா இருக்கும்போது அவசரப்பட்டு டூப்ளிகேட் சிம் வாங்காதீங்க. புது சிம் மாத்தினா மோசடியைத் தடுக்கிறதுக்காக 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் நிறுத்தப்படும். ஓடிபி வராது.

பட்டன் போன்லயே யுபிஐ. வங்கியில பதிவு பண்ணின நம்பர்ல இருந்து *99# அடிச்சா இன்டர்நெட் இல்லாமலே பணம் அனுப்பலாம். ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரைக்கும். எல்லா நெட்வொர்க்குலயும் ஒழுங்கா வராது. அதனால தேவை வர்றதுக்கு முன்னாடியே ஒரு தடவை முயற்சி பண்ணி வச்சுக்கோங்க.

சிம்மை வேற ஸ்மார்ட்போன்ல போட்டு ஜிபே, போன்பே ஏத்தினாலும் வேலை செய்யும். ஆனா புதுக் கருவின்னா முதல் 24 மணி நேரத்துக்குப் பல வங்கிகள் குறைஞ்ச தொகைக்குத்தான் அனுமதிக்கும். பெரிய தொகைக்கு அதை நம்பி வாக்கு கொடுக்காதீங்க.

பதற்றத்துல கூகுள்ல தேடி ஏதோ ஒரு "கஸ்டமர் கேர்" நம்பருக்கு அடிக்காதீங்க. யாராவது ஓடிபி, யுபிஐ பின் கேட்டா, ஆப் ஏத்தச் சொன்னா, வச்சுடுங்க. காசு போயிட்டா உடனே 1930-க்கு அடிங்க. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

ரிப்பேரா, புதுசா? கணக்கைப் பார்ப்போம்

சித்தப்பாவுக்குக் கடையில சொன்ன புது போன் 13,999 ரூபாய். மாசம் 1,399 வீதம் 12 மாசம்.

1,399 × 12 = 16,788
ஃபைல் சார்ஜ் = 499
மொத்தம் = 17,287 ரூபாய்

போன் விலையை விட 3,288 ரூபாய் அதிகம். "மாசம் 1,399தான்"னு சொல்றப்போ இது கண்ணுக்குத் தெரியாது.

"நோ காஸ்ட் இஎம்ஐ" இருக்கேன்னு கேக்கறீங்களா? ஜீரோ பர்சன்ட் வட்டின்னு ஒன்னு உண்மையில கிடையாதுன்னு 2013 செப்டம்பர்லயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பிடுச்சு. வட்டி வேற பேர்ல எங்கயோ ஒளிஞ்சிருக்கும். நமக்குக் கிடைக்க வேண்டிய தள்ளுபடியில இருக்கலாம், பிராசஸிங் கட்டணத்துல இருக்கலாம். ஒரு தவணை தவறினா அபராதம் மட்டும் இல்லை, சிபில் ஸ்கோரும் அடிவாங்கும். நாளைக்கு நகைக்கடனுக்கோ டிராக்டர் கடனுக்கோ போகும்போது அது முன்னாடி வந்து நிக்கும்.

இப்போ ரிப்பேர் பக்கம். காஞ்சிபுரத்துல வேற ஒரு கடையில டிஸ்ப்ளே மாத்த 1,900 ரூபாய் வாங்கினாங்க. அதாவது 17,287-க்கும் 1,900-க்கும் நடுவுல இருக்கிற 15,387 ரூபாய் சித்தப்பா பாக்கெட்லயே இருக்கு.

நான் வச்சிருக்கிற கணக்கு இதுதான்: இன்னைக்கு உங்க போனை விற்றா என்ன கிடைக்கும்னு பாருங்க. ரிப்பேர் செலவு அதுல பாதிக்குள்ள இருந்தா ரிப்பேர். பாதியைத் தாண்டினா யோசிங்க. சித்தப்பா போன் நல்லா இருந்தா 5,000 போகும். பாதி 2,500. ரிப்பேர் 1,900. முடிவு சுலபம். போர்டே போயிருந்தாலோ, கம்பெனி சாஃப்ட்வேர் அப்டேட்டை நிறுத்தியிருந்தாலோ, புதுசு வாங்கறது தப்பில்லை. முடிஞ்சா ரொக்கத்துல வாங்குங்க.

வாங்கி ஒரு வருஷம் ஆகலைன்னா முதல்ல கம்பெனி சர்வீஸ் சென்டர். கீழே விழுந்து உடைஞ்சா வாரண்டி வராது. தானா கறுப்பானா கேட்டுப் பார்க்கணும். வெளிக் கடையில பிரிச்சுட்டா அந்த வாய்ப்பும் போயிடும்.

கடையில கொடுக்கும்போது

* சிம், மெமரி கார்டு ரெண்டையும் எடுத்துடுங்க.
* யுபிஐ பின்னை யாருக்கும் சொல்லாதீங்க. டிஸ்ப்ளே மாத்த அது தேவையே இல்லை.
* என்ன பழுது, எவ்வளவு செலவு, எத்தனை நாள் வாரண்டின்னு சீட்டு வாங்குங்க. ஐஎம்இஐ நம்பரும் அதுல இருக்கட்டும்.
* ஒரிஜினல் டிஸ்ப்ளேயா, டூப்ளிகேட்டான்னு கேளுங்க. கழட்டின பழைய பாகத்தைக் காட்டச் சொல்லுங்க.
* "போர்டு போச்சு"ன்னா இன்னொரு கடையிலயும் காட்டுங்க.
* பில் இருந்தும் ஏமாத்தினா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி கேக்கக் கூச்சப்படாதீங்க. உத்திரமேரூர்ல சுமார் 1,100 வருஷத்துக்கு முன்னாடி, முதலாம் பராந்தக சோழன் காலத்துல கல்லுல வெட்டி வச்சது என்ன? வாரியத்துல இருந்து கணக்கு காட்டாதவங்க திரும்பக் குடவோலைக்கு நிக்கக் கூடாது, அவங்க சொந்தக்காரங்களும் நிக்கக் கூடாதுன்னு. கணக்கு கேட்ட ஊரு நம்ம ஊரு. 1,900 ரூபாய்க்கு ஒரு சீட்டு கேக்கறதுல என்ன தப்பு?

இன்னைக்கே செய்ய வேண்டிய ஐந்து

போன் நல்லா இருக்கும்போதே இதை முடிச்சுடுங்க. அரை மணி நேர வேலை.

1. *#06# அடிச்சு வர்ற ஐஎம்இஐ நம்பரை ஒரு நோட்டுல எழுதுங்க.
2. முக்கியமான பத்து போன் நம்பரையும் அதே நோட்டுல எழுதுங்க. வீட்டுக்காரம்மா நம்பரே மனப்பாடமா தெரியாதவங்க நம்மள்ல நிறைய பேர்.
3. ஏடிஎம் கார்டை ஒரு தடவை மெஷின்ல போட்டு, பின் ஞாபகம் இருக்கான்னு பாருங்க.
4. போட்டோ, காண்டாக்ட் எல்லாம் கூகுள் கணக்குல பேக்கப் ஆகுதான்னு பாருங்க.
5. ஒரு பட்டன் போனும், அவசரத்துக்கு 2,000 ரூபாய் ரொக்கமும் வீட்டுல இருக்கட்டும்.

சித்தப்பா இப்பவும் அதே போன்லதான் பேசுறார். போன வாரம் கூப்பிட்டப்போ, "ஏடிஎம் நம்பர் புதுசா போட்டுட்டேன்டா, இப்போ மனசுலயே இருக்குது"ன்னு சொன்னார். எனக்கு அந்த டிஸ்ப்ளே சரியானதை விட இதுதான் பெரிய சந்தோஷம்.

கட்டாய ரீஸ்டார்ட், டார்ச் சோதனை, *99# மூணையும் நம்ம சேனல் வீடியோவுல செஞ்சே காட்டியிருக்கேன். வீட்டுல அப்பா, அம்மா, சித்தப்பா யாருக்காவது இது உதவும்னா அனுப்பி வைங்க. உங்க ஊர்ல டிஸ்ப்ளே மாத்த எவ்வளவு வாங்கறாங்கன்னும் மறக்காம எழுதுங்க.

அடுத்த பதிவுல பார்ப்போம்.